பதினேழாம் இலக்கம்: மாமாங்கத்திலிருந்து உகந்தை வரை

முதலாம் நாள். அமிர்தகழி, ஆரையம்பதி

காலை நாலரை மணிக்கு மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக்குளத்தில் கால் நனைத்தோம். படியெல்லாம் பாசி. எனக்கு முன்னால் இறங்கிய பெரியம்மா இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளித் தன் தலையில் விட்டார், திரும்பி என் தலையிலும் விட்டார். "இனி உனக்குப் பேர் கிடையா மனே. கதிர்காமம் போய்ச் சேருமட்டும் எல்லாரும் சாமிதான்" என்றார்.

கதிர்காமம் முருகன் கோயிலுக்கு நடந்து போகும் எங்கள் கூட்டத்தில் 22 பேர். களுதாவளை, தேற்றாத்தீவு, குருக்கள்மடம் என்று எல்லாரும் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் எழுவான்கரை ஊர்க்காரர். ஊரிலிருந்தே நடக்கத் தொடங்கலாம். ஆனாலும் பஸ் பிடித்து அமிர்தகழிக்கு வந்து, மாமாங்கத்தில் கால் நனைத்துத் தொடங்குவது அம்மா காலத்திலிருந்து வரும் வழக்கம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து வாரக்கணக்காக நடந்து வருகிறவர்கள் நேற்றே இங்கே தங்கி முன்னால் போய்விட்டார்களாம்.

கூட்டத்துக்கு இரண்டு சட்டம். வேலுக்கு முன்னால் ஒருவரும் நடக்கக்கூடாது. கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவரையும் விடக்கூடாது. வேல் பிடித்து முன்னால் போகிறவர் வேல்சாமி மாமா. கடைசி ஆளாக வருகிறவர் மேசன் வேலை செய்யும் ஒரு தம்பி. பார்த்தால் 25 வயதுதான் இருக்கும், யாராவது செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தாலும் அவரும் நின்றுவிடுகிறார்.

நான் ஏன் வந்தேன் என்பதை இன்றைக்கே எழுதிவிடுகிறேன். 15 வருடமாகக் கொழும்பில் வேலை. வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடு, சுவரில் சாமித்தட்டு, காலையில் விளக்கு, வெள்ளிக்கிழமை என்றால் போனில் நேரலைப் பூசை. கடவுளுக்கும் எனக்கும் நடுவில் சனம் எதற்கு என்ற எண்ணம் எனக்கு இருந்தது. திருவிழாக் கூச்சலும் உபயச் சண்டையும் இல்லாத அந்த அமைதிதான் உயர்ந்த பக்தி என்று மனதார நம்பினேன்.

2021இல் கொரோனா அம்மாவைக் கொண்டுபோனது. உடலை வீட்டுக்குத் தரவில்லை. தகனசாலைக்கு வெளியே நாலைந்து பேர் தள்ளித் தள்ளி நின்றோம், அவ்வளவுதான். அன்றிரவு விளக்கேற்றிவிட்டுத் தேவாரம் பாட வாய் திறந்தேன். சின்ன வயதிலிருந்து பாடிய பதிகம், இரண்டாம் வரி வரவில்லை. எடுத்துக் கொடுக்க வீட்டில் ஒரு குரல் இல்லை. அன்றைக்கு நின்றுபோன வரி நாலு வருடமாக நின்றே கிடந்தது.

இன்றைய நடை பெரிதில்லை. நகருக்குள் சீயோன் தேவாலயத்தின் பக்கம் வந்தபோது வேல்சாமி மாமா வேலைத் தாழ்த்திப் பிடித்தார், அரோகரா சொல்வதை எல்லாரும் நிறுத்தினோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை அங்கே குண்டு வெடித்தபோது செத்தவர்களில் பலர் ஞாயிறுப் பள்ளிக்கூடம் முடித்து நின்ற பிள்ளைகள். கல்லடிப் பாலம் தாண்டி, விபுலானந்த அடிகளின் சமாதியில் கும்பிட்டுவிட்டுக் காத்தான்குடிக்குள் நடந்தபோதும் அதே அமைதி. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டுக் கொன்றது இந்த ஊரில்தான். கூடிக் கும்பிடுகிற சனத்தை ஒரே இடத்தில் வைத்து அழிக்கலாம் என்று கொலைகாரனுக்குத் தெரிந்திருக்கிறது. அவ்வளவும் நடந்த பிறகும் அடுத்த கிழமை அந்தச் சனம் மறுபடி கூடியிருக்கிறது. நடக்க நடக்க என் மனதில் ஓடியது இதுதான்.

இரவு ஆரையம்பதியில் கோயில் மண்டபத்தில் படுக்கை. படுக்கமுன் வேல்சாமி மாமா இருட்டுக்குள் "ஒண்டு" என்றார். "ரெண்டு" என்றது ஒரு குரல். "மூண்டு". ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம். காட்டுக்குள் ஆள் தவறாமலிருக்க இங்கிருந்தே பழகுகிறார்கள். எனக்குப் பதினேழு.

இரண்டாம் நாள். களுதாவளை

கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம் என்று றோட்டோரமாகவே வந்தோம். கச்சான் காற்று மேற்கிலிருந்து நெருப்பாக அடிக்கிறது. வீட்டு வாசல்களில் மண்பானை வைத்து மோர் ஊற்றுகிறார்கள். ஒரு வீட்டில் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டைத் தாண்டப் பார்த்தால், "அவ வீட்ட குடிச்சிட்டு எங்கட வீட்ட குடிக்காமப் போறயா?" என்று மறிக்கிறார்கள். வயிறு கொள்ளுமட்டும் குடித்தோம்.

பின்னேரம் களுதாவளை. அம்மாவின் ஊர், வெற்றிலை ஊர். பந்தலுக்குள் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிய ஈரவாசம் ஒழுங்கை வாசலிலேயே வந்தது. பெரியம்மா தன் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய் ஒரு பழைய பால்மா டின்னைக் காட்டினார். மூடியில் துரு. உள்ளே முக்கால்வாசி அரிசி. அதை நான் பார்த்த உடனேயே அடையாளம் கண்டுவிட்டேன். அம்மா உலைக்கு அரிசி அளந்ததும் சுண்டிலிருந்து ஒரு பிடி திருப்பி அள்ளி இந்த டின்னுக்குள் போடுவார். பிடியரிசி. வீட்டில் ஏழு பேர் சாப்பிட்ட காலத்திலும் ஒரு பிடிதான், ஒரு வேளை அரிசி போதாத காலத்திலும் ஒரு பிடிதான். வருடம் முழுவதும் சேர்ந்தது கதிர்காமப் பயணத்தில் பொதுச்சோறு ஆகும்.

"கொம்மா போன பிறகு ஆர் இதுக்குப் போட்டது?" என்று ஒரு அக்கா கேட்டார்.

"நான்தான். எண்ட டின்னுக்கு ஒரு பிடி, அவட டின்னுக்கு ஒரு பிடி" என்றார் பெரியம்மா.

என்னால் அங்கே நிற்க ஏலவில்லை, கிணற்றடிக்குப் போய்விட்டேன். கொழும்பில் நான் எத்தனையோ நாள் சோறு சமைத்திருக்கிறேன். ஒரு பிடியும் எடுத்து வைத்ததில்லை. யாருக்கு வைப்பது?

இரவு சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயிலில் தங்கல். மட்டக்களப்புக் கோயில்களின் வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். இங்கே தாய்வழியில் வரும் குடிகள் உண்டு. பிள்ளைக்குத் தாயின் குடி. பல கோயில்களில் திருவிழா நாட்களைக் குடிகளே ஆளுக்கொரு நாளாகப் பங்கிட்டுச் செய்யும். குடிகளின் சார்பில் கோயிலை நடத்துகிறவர் வண்ணக்கர். ஒரு குடியின் நாளில் எண்ணெய் குறைந்தால் அது அந்தக் குடிக்கே குறை. அதனால் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையும் தன் குடியின் நாளை மறக்காது. இதற்கு மறுபக்கமும் உண்டு. பங்கு இல்லாதவர்கள், சாதியால் தள்ளி வைக்கப்பட்டவர்கள் காலாகாலமாக வீதியிலேயே நின்றிருக்கிறார்கள். அந்த வலியைப் பேசாமல் குடிப்பெருமை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பாதயாத்திரையில் பேரை எடுத்துவிட்டுச் சாமி என்று மட்டும் கூப்பிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். இருபது வருடம் முந்தி ஒரே பந்தியில் இருக்காதவர்கள் எங்கள் கூட்டத்தில் ஒரே பானையில் சாப்பிடுகிறார்கள்.

வலது பெருவிரலடியில் கொப்புளம். பெரியம்மா ஊசியில் வெள்ளை நூல் கோத்து, ஊசியை விளக்கில் காட்டி, கொப்புளத்துக்குள்ளால் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்தார். நூலை இரண்டு பக்கமும் விரல்கடை அளவு விட்டு வெட்டினார். நூல் வழியே நீர் இறங்கித் தோல் அப்படியே படிந்துவிட்டது. நோகவில்லை.

மூன்றாம் நாள். பாண்டிருப்பு

ஓந்தாச்சிமடம் தாண்டிக் கல்லாறு. ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், நடுவில் நூலாக நிலம். 2004 டிசம்பர் 26 அலை இந்த ஊர்களின் மேலால் போனது. அதற்கு அப்பால் தொடங்கும் அம்பாறை மாவட்டத்தில்தான் இலங்கையிலேயே அதிக உயிர்கள் போயின. அன்றைக்குக் கோயில், பள்ளிவாசல், சேர்ச் என்று பாராமல் கூரை இருந்த இடமெல்லாம் எல்லாரும் படுத்தார்கள்.

இன்று நான் எழுத நினைப்பது மருதமுனையைப் பற்றி. பெரிய நீலாவணை முடிந்ததும் கைத்தறிச் சத்தம் தொடங்குகிறது. ஒரு வீட்டு மதிலோரம் மேசை போட்டுச் சர்பத் கொடுத்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். தொப்பி, கட்டம்போட்ட சாரன், தாடி முழுக்க வெள்ளை. வருடா வருடம் கொடுக்கிறாராம். "எங்கட ஆக்களும் கதிர்காமத்துப் பள்ளிவாசலுக்குக் கொடியேத்தப் போறவங்கதான் மகள். அங்க கோயிலும் பள்ளியும் பக்கத்துப் பக்கத்திலதானே" என்றார்.

என்னிடம் அம்மாவைப் பற்றிக் கேட்டார். அம்மாவை அவருக்குத் தெரிந்திருந்தது. பேர் தெரியாது, "வெத்திலைப் பை வச்சிருக்கிற புள்ள" என்றுதான் தெரியும். 2021இல் போய்விட்டார், உடல் தரவில்லை என்றேன். கையிலிருந்த கிளாசை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எண்ட தம்பியும் அந்த வருசம்தான் மௌத்தாகினான். ஓட்டமாவடியில கொண்டுபோய் அடக்கினாங்க. எங்கட மையவாடி இந்தா, நடந்தா அஞ்சு நிமிசம். அவன் கிடக்கிறது எங்கயோ. அவனக் குளிப்பாட்டக் கிடைக்கல்ல எனக்கு."

கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை 2020 தொடக்கம் கட்டாயமாக எரித்தார்கள். 2021 பெப்ரவரியில்தான் அடக்க அனுமதி வந்தது. பிறகு நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் ஓட்டமாவடிக்குக் கொண்டுவந்தார்கள். இதெல்லாம் செய்தியில் பார்த்ததுதான். பார்த்து, ஐயோ பாவம் என்று நினைத்துவிட்டுச் சனலை மாற்றியவள்தான் நானும். செத்தவனைக் குளிப்பாட்டுவதும், கபனிடுவதும், தோளில் சுமப்பதும், வரிசையில் நின்று தொழுவதும் ஊருக்கே உள்ள கடமை. சிலர் செய்தால் மற்றவர்களுக்கு அது நீங்கும், ஒருவரும் செய்யாவிட்டால் ஊர் முழுவதற்கும் குற்றம் என்று அவர் விளக்கினார். "அவன்ட கடமையைச் செய்ய ஊர் ரெடியா நிண்டது. செய்ய விடல்ல. அந்தக் கடன் இன்னும் தோளில இரிக்கி மகள்" என்று வலது தோளைத் தொட்டுக் காட்டினார்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தங்கல். பாரதக் கதையை ஊரே பாத்திரமாகி நடத்தித் தீ மிதிக்கும் கோயில். இரவு பஜனையில் எனக்கு வந்த பதிகத்தைத் தொடங்கினேன். இரண்டாம் வரியில் நின்றது. நிற்கமுன்னமே பின்னாலிருந்து நாலைந்து குரல் எடுத்துவிட்டன. நான் அவர்களுக்குப் பின்னால் போனேன்.

நான்காம் நாள். அக்கரைப்பற்று

இன்று நடை நீளம், கால் எரிகிறது, சுருக்கமாக எழுதுகிறேன். காரைதீவில் கண்ணகி அம்மன் வாசலில் கற்பூரம் கொளுத்தினோம். வைகாசியில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு முடிந்து பந்தல் பிரித்த அடையாளம் இன்னும் மண்ணில் இருந்தது. விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர் இது. நிந்தவூர், அட்டாளைச்சேனை எல்லாம் சிறுபோக வயல், கண் கொள்ளாத பச்சை. மத்தியானம் ஒருவர் ஓட்டோவை நிறுத்தி தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற் 22 தந்துவிட்டு இறங்காமலே போனார். பேர் கேட்க நேரம் இல்லை.

எண் சொன்னோம். எல்லாம் சரி.

ஐந்தாம் நாள். திருக்கோவில்

வெயில் ஏறமுன் தம்பிலுவில் கண்ணகி அம்மனிடம் நின்றுவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் திருக்கோவில் வந்தாயிற்று. சித்திரவேலாயுத சுவாமி கோயில், வாசலுக்கு எதிரே சும்மா நடந்தால் கடல். அன்னதான மடத்தில் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கீரை. எனக்குப் பரிமாறிய பிள்ளைக்கு 12 வயதுதான் இருக்கும், "சாமி, இன்னும் கொஞ்சம்" என்று கேட்காமலே போட்டாள்.

பின்னேரம் ஆண்கள் படுத்துவிட்டார்கள். பெண்கள் ஒன்பது பேர் கடற்கரைக்குப் போனோம். படகு நிழலில் இருந்து தலை உலர்த்திக்கொண்டிருந்தபோது பெரியம்மா திடீரென்று கேட்டார்:

"கொம்மாவ எரிக்கக்குள்ள நீ அழுதியா?"

முகக்கவசம் போட்டிருந்தேன், அழ முடியவில்லை என்றேன். பிறகும் அழவில்லை. அழுதால் கடவுளைச் சந்தேகிக்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்து அடக்கிக்கொண்டேன், தனியாகத்தான் தாங்கவேண்டும் என்று இருந்தேன் என்றேன்.

"உனக்கு மட்டுமா செத்தவீடு இல்லாமப் போனது? எங்களுக்கும் அவட செத்தவீடு நடக்கல்ல. நாலு வருசமா இஞ்ச அடைச்சிக்கொண்டு கிடக்கு" என்று நெஞ்சைத் தட்டினார். "அவ எண்ட கூடப் பொறந்தவ. இவளுக்குச் சிநேகிதி. அந்தா அவள்ற மூத்த பிள்ளைய வயித்தில இருந்து எடுத்ததே கொம்மாட கையாலதான். நீ கொழும்பில கதவச் சாத்திக்கிட்டாய். எட்டுக்கும் வரல்ல, முப்பத்தொண்டுக்கும் வரல்ல. பயணத் தடை எண்டாய், சரி. மறுகா? தடை எடுத்த பிறகு? நாங்க ஆர்ட்டப் போய் அழுறது மனே?"

எனக்குப் பதில் இல்லை. என் துக்கத்தை நான் என் சொத்தாக வைத்திருந்தேன். அதில் பங்குள்ளவர்கள் களுதாவளையில் காத்திருந்தார்கள் என்பது இத்தனை வருடத்தில் ஒரு தடவை கூட மனதில் படவில்லை. பக்தியையும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

பிறகு நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தேன். பெரியம்மாவே எழுது என்றார். அவர் கொண்டையை அவிழ்த்தார். பக்கத்தில் இருந்த மாமி அவர் தோளில் கை போட்டார், அடுத்தவர் அவர் தோளில். வட்டம் கூடியது. கடல் இரைச்சலுக்கு மேலால் பெரியம்மாவின் குரல் எழும்பியது:

"வெத்திலைக் கொடிக்காலே, எண்ட தங்கச்சி
வேலி கடந்து போனியோ
பந்தி நிறைஞ்சிருக்க, எண்ட கிளியே
பாய் சுருட்டிப் போனியோ"

மற்றவர்கள் கடைசிச் சொல்லைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் எடுத்தார். ஒவ்வொருவருக்கும் அம்மாவைப் பற்றி ஒவ்வொரு வரி இருந்தது. அம்மா யுத்த காலத்தில் யாருக்கோ ஒளித்து அரிசி கொடுத்தது, யாரோ ஒருத்தியின் கல்யாணத்துக்குத் தன் காப்பைக் கழற்றிக் கொடுத்தது, எனக்குத் தெரியாத அம்மா அந்த வரிகளில் வந்து வந்து போனார். என் முறை வந்தபோது எனக்கு ஒப்பாரி சொல்லத் தெரியாது. "அம்மா" என்று மட்டும் வந்தது. அதையும் அவர்கள் இழுத்து, தங்கள் வரியோடு முடிந்துகொண்டார்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முடிந்ததும் எல்லாரும் கடலில் இறங்கித் தலை முழுகினோம், செத்தவீட்டுக்குப் போய்வந்தால் செய்வது போல. திரும்பி வந்தபோது மடத்தில் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார்கள். சத்தம் கேட்டிருக்கும். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆறாம், ஏழாம் நாள். கோமாரி, பொத்துவில்

நேற்று எழுத மனம் வரவில்லை, இரண்டு நாளையும் சேர்த்து எழுதுகிறேன். கூட்டம் என்றால் மோரும் சர்பத்தும் மட்டும் இல்லை.

திருக்கோவிலுக்குத் தெற்கே வீடுகள் குறைந்து பற்றைக்காடு தொடங்குகிறது. யானை நிற்கும் பாதை. சங்கமன்கண்டிப் பிள்ளையாரிடம் மத்தியானத்துக்குள் சேரவேண்டும். ஆறாம் இலக்கப் பெரியப்பா மெதுவாக நடந்தார், வயது 70. கூட்டம் முழுவதும் அவருக்காக நிற்க வேண்டியிருந்தது. ஒன்பதாம் இலக்கத் தம்பி பொறுமை இழந்து வேலைத் தாண்டி முன்னால் போய்விட்டார். சங்கமன்கண்டியில் போய்ப் பிடித்தபோது வேல்சாமி மாமா பேசினார், தம்பி திருப்பிப் பேசினார். "நடக்க ஏலாததுகளக் கூட்டிக்கொண்டு வந்தா நாங்க எப்ப போய்ச் சேருற?" என்றார். பெரியப்பா காதில் விழுந்தது. அவர் சாப்பாட்டை எடுக்கவில்லை.

இரவு கோமாரியில் எண் சொன்னோம். "அஞ்சு" வந்தது. அதற்குப் பிறகு சத்தம் இல்லை. பெரியப்பா பாயில் எழும்பி இருப்பது நிலவில் தெரிகிறது, வாய் திறக்கவில்லை. ஆறு சொல்லாமல் ஏழு சொல்ல முடியாது. ஒருவரும் படுக்கவில்லை, ஒருவரும் அவரை வற்புறுத்தவுமில்லை. கால் மணி நேரம் இருக்கும். ஒன்பதாம் இலக்கம் எழும்பிப் போய் அவர் காலைத் தொட்டு, தலையை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தார். "ஆறு" என்றார் பெரியப்பா.

வெள்ளவத்தையில் என் சாமித்தட்டின் முன் நான் ஒருவரோடும் கோபித்ததில்லை, ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதுமில்லை. அதை அமைதி என்றிருந்தேன்.

இன்று பொத்துவிலில் பெரியப்பாவின் கால் நன்றாக வீங்கிவிட்டது. வைத்தியரிடம் காட்டினோம். சீனி வருத்தக்காரர் இந்தக் காலோடு காட்டுக்குள் போகவே கூடாது என்றார். 20 தடவைக்கு மேல் போனவர். பஸ்ஸில் ஏற்றும்போது தன் பையிலிருந்த அரிசி, பருப்பு, கற்பூரம் எல்லாவற்றையும் ஒன்பதாம் இலக்கத்தின் பைக்குள் தானே போட்டுக் கட்டினார். "மலையில எனக்காகவும் ஒரு சுத்து சுத்திரு" என்றார்.

இரவு எண். "நாலு." "அஞ்சு." "ஆறு" என்றது ஒன்பதாம் இலக்கத்தின் குரல். ஏழும் எட்டும் போன பிறகு அதே குரல் "ஒன்பது" என்றது. வேல்சாமி மாமா ஒன்றும் சொல்லவில்லை. எண்ணிக்கை இருபத்திரண்டில் முடிந்தது.

எட்டாம் நாள். பாணமை

அறுகம்பைப் பாலத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் அலைப்பலகையோடு நின்று கும்பிட்டார்கள். அதற்குப் பிறகு வயலும் குளமும் மயிலும்.

பாணமையில் சிங்களமும் தமிழும் ஒரே வீட்டுக்குள் கலந்திருக்கிறது. சோறு தந்த அம்மா என்னிடம் தமிழிலும், தன் மகளிடம் சிங்களத்திலும் பேசினார். இங்கே பத்தினித் தெய்வத்துக்குக் கொம்பு இழுக்கும் விழா உண்டு. ஊர் இரண்டு பிரிவாகி, கொம்போடு கொம்பு மாட்டிக் கயிறு கட்டி இழுப்பார்கள். எங்கள் பக்கத்தில் கண்ணகிக்குக் கொம்புமுறி என்று செய்வதும் இதைத்தான். பெரியம்மாவும் அந்த அம்மாவும் மர நிழலில் இருந்து, தென்சேரி, வடசேரி என்ற அந்த இரண்டு பிரிவுகளின் சண்டைகளை ஆளுக்காள் சொல்லிச் சிரித்தார்கள். அம்மை வருத்தம் வரக்கூடாது, மழை பெய்யவேண்டும், அதற்காக ஊரே இரண்டாகப் பிரிந்து ஒரு கயிற்றைப் பிடிக்கவேண்டும். கோவலனைப் பறிகொடுத்துத் தனியே நின்று நீதி கேட்டவள்தான் கண்ணகி. அவளைக் குளிர்விக்க ஓர் ஊர் தேவைப்படுகிறது. குளிர்த்திப் பந்தலில் சின்ன வயதில் எத்தனை இரவு தூங்கி விழுந்திருக்கிறேன், இது இன்றைக்குத்தான் விளங்கியது.

ஒன்பதாம் நாள். உகந்தை

செம்மண் பாதையில் விடியமுன் தொடங்கி, கல்மலை தெரிந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் அரோகரா என்றோம். முருகன் கல்லோடத்தில் வந்து இறங்கிய இடம் இது என்பது ஐதீகம். ஓடம் போன்ற பாறையைத் தொட்டுக் கும்பிட்டோம். மலைக்கு மேலே வள்ளியம்மன், சுனைகளில் தண்ணீர் இருக்கிறது.

ஆயிரக்கணக்கான சனம். நாளைக் காலை காட்டுப்பாதைக்குள் இறங்குகிறோம், குமண தேசியப் பூங்கா ஊடாக, கும்புக்கன் ஆறு தாண்டி. பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள், எல்லாவற்றையும் துணிப்பைக்கு மாற்றினோம். பிறகு பாய் விரித்து, கூட்டத்தின் அரிசி முழுவதையும் அதில் கொட்டினார்கள். அம்மாவின் டின் அரிசியும் அதற்குள் போனது. கொஞ்சம் பழுப்பு நிறம், அரை நிமிடம் வேறாகத் தெரிந்தது. பெரியம்மா இரண்டு கையாலும் துழாவினார். சுண்டால் அளந்து ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டார்கள். யாரும் தன் சோற்றைத் தான் சுமப்பதில்லை, எல்லாருக்கும் உரியதில் ஒரு பங்கைச் சுமக்கிறோம். அரிசிப் பங்கோடு எனக்கு உப்பும் புளியும்.

பங்கிடும்போது ஒரு பெண் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 60 வயது இருக்கும். முல்லைத்தீவிலிருந்து தனியே நடந்து வந்திருக்கிறார். இடுப்பில் ஒரு துணிப்பொட்டலம். அதற்குள் மகனின் படம். 2009க்குப் பிறகு தேடுகிறார். எந்தக் கூட்டத்தோடும் சேரவில்லை, யாரோடும் பேச ஏலாது என்றார்.

"பேச வேணாம். சாப்பிட்டியா?" என்று கேட்டார் பெரியம்மா.

சோறு கொடுத்தோம். அவர் சாப்பிட்டு முடிய, சீனியும் தேயிலையும் கட்டிய சின்னப் பையை அவர் மடியில் வைத்தார் பெரியம்மா. "இது உண்ட சுமை. இது இல்லாட்டி எங்களுக்கு நாளைக்குத் தேத்தண்ணி இல்ல." அந்தப் பெண் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு மகனின் படத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

காட்டுக்குள் சிக்னல் இல்லை. இதுதான் கடைசிப் பதிவு, போனை நிறுத்திப் பைக்கடியில் வைக்கப்போகிறேன். சற்று முன்தான் எண் சொல்லி முடித்தோம். ஆறை ஒன்பது சொன்னது. நான் பதினேழு சொன்னேன். மேசன் தம்பி "இருபத்திரெண்டு" என்றார், சொல்லிவிட்டுத் தனக்குப் பின்னால் விரித்திருந்த பாயின் பக்கம் திரும்பினார்.

"இருபத்திமூண்டு." மெல்லிய குரல்.

"கேக்கல்ல சாமி" என்றார் முன்னாலிருந்து வேல்சாமி மாமா. "காட்டுக்குள்ள கேக்கோணும். இன்னொருக்காச் சொல்லுங்க."

அவர் எழும்பி இருந்து, மறுபடி சொன்னார்.